நுரையீரல் தயார், முட்டி தயாரா?

சைக்கிள் ஓட்டினால் முட்டி தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. மூட்டு அறுவைக்குப் பிறகு டாக்டரே சைக்கிள் மிதிக்கச் சொல்கிறாரே என்பவர்களும் உண்டு. செயற்கை மூட்டுக்குள் உணர்கருவி பொருத்தி அளந்து பார்த்ததில் இரண்டாவது கட்சிக்குத்தான் பலம் கூடியது. நிதானமாகப் பெடல் செய்யும்போது முட்டியில் இறங்கும் சுமை ஏறக்குறைய உடல் எடை அளவுதான். சமதரையில் நடக்கும்போதோ அது இரண்டரை மடங்கு. உடம்பின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது, பாதமும் தரையில் மோதுவதில்லை. அப்படியிருந்தும் வார இறுதியில் நீண்ட தூரம் போய்வருகிறவர்கள் ஓர் இடத்தில் கூடினால் முட்டி வலிப் பேச்சு வராமல் போகாது.

எண்ணிக்கைதான் காரணம். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. மூன்று மணி நேர ரைடில் 14,400 முறை. நடக்கும்போது மேடு, பள்ளம், திருப்பம் என்று கால் வைக்கும் விதம் மாறிக்கொண்டே இருக்கும். பெடலில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு மடக்கும் அதே பாதையில், அதே கோணத்தில்தான் நடக்கும். கிளீட் (ஷூவின் அடியிலிருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கொக்கி) வைத்த ஷூவில் பாதத்தைப் பூட்டிக்கொண்டால் இன்னும் இறுக்கம். சீட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்தப் பிழையும் 14,400 முறை நடக்கிறது.

அடுத்த கேள்வி, ஒரு மிதிக்கு எவ்வளவு விசை என்பது. பள்ளிக்கூட இயற்பியலே போதும்: முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன். 150 வாட் திறனில் போகிறீர்கள், பெடலைச் சுழற்றும் தண்டான கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் பெடலில் சராசரியாக 140 நியூட்டன் விசை வேண்டும், அதாவது ஏறக்குறைய 14 கிலோ எடை. லேசான கியருக்கு மாறி 90 சுற்று மிதித்தால் 94 நியூட்டன் போதும். வண்டியின் வேகம் அதேதான், விசையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மிதியின் உச்சத்தில் விசை இந்தச் சராசரியைவிட மிக அதிகம் என்பதால் இந்தக் குறைவு சின்ன விஷயமில்லை.

சுற்று கூடினால் மடக்கும் கூடுமே என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் திசுவின் சேதம் விசையோடு சமமாக ஏறுவதில்லை, அதை முந்திக்கொண்டு ஏறுகிறது. கனமான சில மிதிகளைவிட லேசான பல மிதிகள் மேல். விலையாகக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பெரிய கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறுகிறவர்களை வீரர்கள் என்று பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. அவர்களுடைய முட்டியைத்தான் பார்க்கிறேன்.

எங்கே வலிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முன்பக்கம், முட்டிச்சில்லைச் சுற்றி வலித்தால் முதல் சந்தேகம் தாழ்ந்த சீட்மேல். தொடையின் முன்தசை மேலிருந்தும், சில்லுக்குக் கீழே உள்ள நாண் (எலும்போடு கட்டும் கயிறு போன்ற திசு) அடியிலிருந்தும் சில்லை இழுக்கின்றன. கால் நீண்டிருக்கும்போது இரண்டு இழுப்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். கால் மடங்க மடங்க அந்தக் கோடு முறிந்து, இழுப்பு மேன்மேலும் சில்லைத் தொடையெலும்பின் பள்ளத்துக்குள் அழுத்தும் விசையாகத் திரும்புகிறது. சீட் தாழ்ந்தால் மிதியின் உச்சத்தில் மடக்கு இன்னும் கூடும். அதோடு கனமான கியரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்திருக்கலாம். இதை ஓட்டுகிறவர் உணர்வதற்குள் பின்னால் வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார்: எட்டாத பெடலைத் தொட இடுப்பு இடமும் வலமும் சரிந்து சரிந்து எழும். வெளிப்பக்க வலி பெரும்பாலும் தொடையின் ஓரமாக இறங்கும் பட்டையான நாணிலிருந்து வருவது. உயர்ந்த சீட்டும், பாதத்தைக் கோணலாகப் பூட்டிய கிளீட்டும் அதைத் தூண்டும்.

சீட் உயரம் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வழக்கமான ஷூவோடு சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலுக்கு மாற்றினால் முட்டியில் சிறு மடக்கு மிஞ்சும். அது 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது நல்லது. மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பழைய இடத்தில் ஒரு டேப்பைச் சுற்றி வைத்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வலி வருவது பெரும்பாலும் ஆர்வக் கோளாறால்தான். ஒழுங்காக ஓட்டினால் சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசையும் பின்னாலேயே வந்துவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். அது எவ்வளவு மந்தம் என்பதை அணுகுண்டுகள் காட்டிக்கொடுத்தன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த குண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன, 1963-க்குப் பிறகு அது மெல்லக் குறைந்தது. அதனால் ஒரு திசு எந்த ஆண்டில் உருவானது என்பதை அதிலுள்ள கார்பனே சொல்லிவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் குதிகால் நாணை இப்படிச் சோதித்தபோது, அதன் உள்மையம் சுமார் 17 வயதுக்குள் உருவானதோடு சரி, பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது.

கடும் பயிற்சிக்குப் பிறகு நாணின் புரத இழையான கொலாஜன் உருவாவதும் சிதைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதல் ஒன்றரை நாள் சிதைவின் கை ஓங்கியிருக்கும், வரவு அதற்குப் பிறகுதான். ஐந்து நாள் நாற்காலியில் கிடந்துவிட்டு, சனி ஒரு மலை, ஞாயிறு இன்னொரு மலை என்று போவதைவிட மோசமான அட்டவணையை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலி வந்தபின் சைக்கிளை மூலையில் சாத்திவிடுவதும் பலன் தராது, சுமையே இல்லாத நாண் இன்னும் பலவீனமாகும். நாண் வலிக்கு இயன்முறை மருத்துவத்தில் புழங்கும் ஒரு வழி நடைமுறைக்கு ஏற்றது. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஓட்டும்போது ஐந்தைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்து, வாரத்துக்கு வாரம் ஏறாமல் இருந்தால் தொடரலாம். சமதரை, லேசான கியர், குறைந்த நேரம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், மேடு கடைசியில். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, ஊன்றும்போது நழுவினாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். கீழே விழுந்தபின் வந்த வலிக்கும் அப்படியே.

மாதக்கணக்கில் தொந்தரவு தராத முட்டி திடீரென்று முணுமுணுத்தால் முதலில் வண்டியைச் சோதியுங்கள். கிளாம்ப் தளர்ந்தால் சீட்டைத் தாங்கும் குழாய் (சீட் போஸ்ட்) சத்தமில்லாமல் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கும். ஷூவை மாற்றினால் சோலின் தடிமன் மாறும், அதோடு சீட்டின் உயரமும் மாறிவிட்டதாகத்தான் அர்த்தம்.