அப்பத்தாவின் பெட்டகமும் பழைய வழக்கின் துணிப் பொட்டலமும்

காரைக்குடியில் எங்கள் வீட்டு உள்ளறைப் பெட்டகத்தைத் திறந்தால் முதலில் வருவது வசம்பு வாசனைதான். அப்பத்தா கட்டிய கண்டாங்கிச் சேலை ஒன்று அதில் அறுபது வருஷமாகக் கிடக்கிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே ஒரு சீட்டு. எந்த வருஷம் எடுத்தது, எந்த விசேஷத்துக்கு, கடைசியாக யார் வாங்கிக் கட்டினார்கள் என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. மடிப்பைப் பிரித்தபோது மங்கலாக ஒரு வியர்வைக் கறை தெரிந்தது. அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவருடைய டி.என்.ஏ., அதாவது உடலின் மரபுக் குறிப்பு, இன்னும் அந்தக் கறையில் இருக்கலாம். பழைய வழக்கில் தவறாகத் தண்டனை பெற்றவரை விடுவிப்பதும் இப்படிப் பொட்டலத்தில் கிடக்கும் ஒரு கறைதான்.

நல்ல காய்ந்த துணியில், வெளிச்சமும் ஈரமும் படாமல் இருந்தால் டி.என்.ஏ. பல பத்தாண்டுகள் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் போச்சு. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று துண்டு துண்டாக்கிவிடும். அதனால்தான் குற்றம் நடந்த இடத்தில் எடுத்த துணியை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் போடச் சொல்கிறார்கள்.

சரி, அந்தக் கறையிலிருந்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டு வளவைச் (முற்றத்தை) சுற்றிய பத்தியில் ஒரே பூ போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லை வரிசையாகப் பதித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் டி.என்.ஏ.வில் சில இடங்கள் அப்படித்தான் இருக்கும். நான்கு வேதி எழுத்து கொண்ட ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். பூ எல்லோருக்கும் ஒன்று, கற்களின் எண்ணிக்கைதான் வேறு. எனக்கு அந்த இடத்தில் 9 தடவை என்றால் உங்களுக்கு 12. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள்: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஓரிடத்தை மட்டும் எண்ணினால் ஊரில் பல பேருக்குப் பொருந்தும். அமெரிக்காவின் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் முதலில் 13 இடங்களை எண்ணியது, 2017 முதல் 20. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் தவிர, வேறு இருவருக்கு அத்தனையும் தற்செயலாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

கறை துளியூண்டு இருந்தாலும் பரவாயில்லை. டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் பிரதி இரட்டிக்கும். கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். 1980-களின் தொடக்கத்தில் தீர்ப்பான வழக்குகளில் இந்த வசதி கிடையாது. அப்போதைய ரத்தப் பிரிவுச் சோதனை பாதி ஊருக்குப் பொருந்தும்.

பாலியல் வன்முறை வழக்குகளில் ஒய் குரோமோசோமை மட்டும் தனியாகப் பார்ப்பதும் உண்டு. பெண்ணிடம் அது இல்லை என்பதால், கலந்துபோன மாதிரியிலும் ஆணின் அடையாளம் தெளிவாகத் தெரியும். இதில் நகரத்தாருக்கு (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு) உடனே புரிகிற சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒய், எங்கள் கோயில் பிரிவு மாதிரி. அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். அண்ணன், தம்பி, சித்தப்பா என்று பங்காளிகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்கள். ஆகவே ஒய் பொருந்துகிறது என்றால் ஆள் இவர்தான் என்று ஆகாது. பொருந்தவில்லை என்றால் அந்தக் கறை அவருடையது அல்ல. தண்டனை பெற்றவருக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த ‘இல்லை’தான்.

கிர்க் பிளட்ஸ்வொர்த் கதை அப்படித்தான். 1984-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் அவருக்கு 1985-ல் மரண தண்டனை விதித்தார்கள். மறுவிசாரணையில் அது ஆயுளானது. சிறையிலிருந்தபடி டி.என்.ஏ. பற்றிப் படித்துவிட்டு, சோதியுங்கள் என்று கேட்டார். சான்றுப் பொருள்களை அழித்துவிட்டோம் என்றுதான் முதலில் பதில் வந்தது. பிறகு நீதிமன்றத்திலேயே ஒரு காகிதப் பையில் அவை கிடைத்தன. குழந்தையின் உடையிலிருந்த கறை அவருடையது அல்ல என்று தெரிந்தது. 1993-ல் வெளியே வந்தார். மரண தண்டனை பெற்று, டி.என்.ஏ. மூலம் குற்றமற்றவர் என்று நிரூபணமான முதல் அமெரிக்கர் அவர்.

சோதனைச் செலவு அப்போது அவர் தரப்பு வழக்கறிஞரின் தலையில் விழுந்தது. 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பெயரிலேயே ஒரு நிதித் திட்டம் கொண்டுவந்து, ஐந்து ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் வரை அனுமதித்தது. சான்றுகளை ஒழுங்காகப் பாதுகாக்கும் மாநிலத்துக்குத்தான் பணம் என்று நிபந்தனையும் போட்டார்கள். அது கடுமையாக இருந்ததால் முதல் சில ஆண்டுகள் பணம் அசையவே இல்லை. பிறகு தளர்த்தினார்கள். இந்த நிதி ஆய்வகக் கட்டணத்துக்கு மட்டுமல்ல. பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதற்கும், பொட்டலத்தைத் தேடி எடுப்பதற்கும் உண்டு. என் கணிப்பில் அந்தத் தேடல்தான் பாதி வேலை.

நம் பக்கம் வருவோம். தேனி மாவட்டம் சுருளி அருவி அருகே 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையில், எவ்வளவு நாள் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. அப்பத்தாவின் சீட்டு அளவுக்குக்கூட இல்லை என்று வையுங்கள். இனி மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும், கைமாறிய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதியின்றிப் பிரிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டார்கள்.

மத்திய அரசு 2024-ல் தடயவியல் கட்டமைப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கென 2,254.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. புதிய பல்கலைக்கழக வளாகங்கள், மத்திய ஆய்வகங்கள் எல்லாம் அதில் வரும். தீர்ப்பாகிப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு கைதி, “அந்தச் சட்டையை இப்போது சோதியுங்கள்” என்று எழுதிப் போட்டால், அதைத் தேடி எடுக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அதில் கணக்குத் தலைப்பு இல்லை.