கேடயவால் பாம்பு நக்கினால் தொழுநோய் வராது, அதற்கு இரண்டு தலையும் இல்லை

என்ன பாம்பு என்று கேட்டு இந்த மழைக்கு எனக்கு வந்த படங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி. மண்வெட்டி பட்டு இரண்டு துண்டான கருத்த பாம்பு, ஒரு முழம்கூட இருக்காது. கூடவே, "சார், இது மண்ணுளியா? விஷமா?" கொன்ற பிறகு கேட்டு என்ன செய்ய?

மண்ணுளி வறண்ட சமவெளிக்காரன். நீலகிரி, பழனி, ஆனைமலைப் பக்கம் ஈர மண்ணைக் கிளறும்போது வருவது பெரும்பாலும் கேடயவால் பாம்பு. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 50 வகைகளுக்கு மேல் உண்டு. சில வகைகள் ஒரே மலைத்தொடரோடு சரி. தின்பது மண்புழு, நஞ்சு கிடையாது.

அடுத்து, "நக்கினால் குஷ்டம் வருமாமே?" படித்தவர்களும் கேட்கிறார்கள். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், இருமல், தும்மல் வழியாகத் தொற்றக்கூடும். கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகும். பாம்பின் நாக்கு வாசம் பிடிக்கத்தான். அதில் அந்தக் கிருமி இல்லை. தோலில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள், பாம்பைத் தேடிப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த "இரண்டாவது தலை". அது வால். சாய்வாக வெட்டியதுபோல முடிந்து சொரசொரப்பாக இருக்கும், அதில் மண் அப்பிக்கொள்ளும். பாம்பு உள்ளே போனதும் அதுவே வளைக்கு மூடி. மிரண்டால் தலையை மறைத்து வாலைக் காட்டும், நீங்களும் அதையே தலை என்று அடிப்பீர்கள். வகை சொல்ல எனக்கு முக்கியமாக வேண்டியது அந்த வால்தான். அதை நசுக்கிவிட்டுத்தான் பெயர் கேட்கிறீர்கள்!

தோண்டும்போது கண்டால் மண்ணோடு சேர்த்து மண்வெட்டியிலேயே அள்ளி, பக்கத்தில் நிழலான ஈர மண்ணில் விட்டு, சருகால் மூடுங்கள். பாட்டிலில் போடாதீர்கள். "காட்டில் விடுகிறேன்" என்று இன்னொரு மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வெறுங்கையால் தொடாதீர்கள், நஞ்சுள்ள பவளப் பாம்பும் இதே மலைகளில்தான் இருக்கிறது, பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மழை விட்ட இரவில் மலைச்சாலையில் கருப்பாகக் கயிறு மாதிரி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள்.

படம் அனுப்புவதானால் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள். வால் நுனி தெளிவாகத் தெரியட்டும்.