துறைமுகம் அல்ல, வாசல்

வீட்டுக்கு வைஃபை தரும் ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற பகுதியைத் தமிழில் விளக்கும் காணொளிகளில் 'துறைமுகப் பகிர்தல்' என்ற மொழிபெயர்ப்பு அடிக்கடி காதில் விழுகிறது. மொரீஷியஸின் தலைநகரான துறைமுக நகர் போர்ட் லூயிஸில் இருந்துகொண்டு இதைக் கேட்பவருக்குக் கப்பலும் கிரேனும்தான் கண்ணில் நிற்கும்.

சொல் பிறந்த கதை சுருக்கமானது. லத்தீனில் போர்ட்டுஸ் துறைமுகம், போர்ட்டா வாசல். உறவுள்ள சொற்கள்தான், ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'போர்ட்' ஆகிவிட்டன. கணினிப் பொருளுக்குப் பொருந்துவது இரண்டாவது. நம் மொரீஷியஸ் கிரியோல் மொழியில் கதவை லாபோர்ட் என்கிறோமே, அதுவும் போர்ட்டா வழி வந்ததே.

ஐபி முகவரி எந்தக் கருவி என்று சொல்லும். அதில் எந்த நிரலுக்கு என்பதை 0 முதல் 65535 வரையுள்ள போர்ட் எண் சொல்லும். இணையதளங்களுக்கு 80, 443, மின்னஞ்சலுக்கு 25. வீட்டு ரூட்டருக்கு வெளியே பெரும்பாலும் ஒரே முகவரி. உள்ளே கேமரா, டிவி, போன் எல்லாம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கின்றன. வெளியிலிருந்து 8080 என்ற போர்ட்டைத் தட்டி வருவதை யாரிடம் கொடுப்பது? '192.168.1.50-இல் உள்ள கேமராவின் 80-க்கு அனுப்பு' என்று ரூட்டரில் நாம் எழுதிவைக்கிறோம். போர்ட் ஃபார்வர்டிங் அவ்வளவுதான். இதில் எதையும் யாரோடும் பகிரவில்லை. 'பகிர்தல்' என்று படிப்பவர் பக்கத்து வீட்டுக்கு வைஃபை கொடுக்கும் வசதி என்றே நினைப்பார்.

'துறைமுகம் வேண்டாம், துறை என்று வைத்துக்கொள்ளலாமே, படித்துறை மாதிரி இறங்குமிடம்தானே' என்பவர்கள் உண்டு. நல்ல பழஞ்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று துறை என்றால் கல்வித்துறை, சுங்கத்துறை. '25-ஆம் துறையை மூடு' என்று எழுதினால் எந்த அமைச்சர் பதறுவாரோ! சிலர் 'முனையம்' என்கிறார்கள். அது விமான நிலையத்துக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று.

எனக்கு 'வாசல்' போதும். உடனே ஒரு கேள்வி வரும்: 'கேட்வே' என்ற கருவியை ஏற்கெனவே நுழைவாயில் என்கிறோமே, வாயிலும் வாசலும் ஒன்றல்லவா? ஒன்றுதான். இல்வாய் முன்பின்னாகி வாயில் ஆனது என்று இலக்கணப்போலிக்கு உதாரணம் காட்டுவார்கள். அது பேச்சில் தேய்ந்து வாசல் ஆயிற்று. ஆங்கிலம் போர்ட்டுஸையும் போர்ட்டாவையும் ஒன்றாக்கிக் குழப்பியது. நம்மிடம் ஒரே சொல் இரண்டு வடிவில் கிடக்கிறது, ஆளுக்கொரு வேலை கொடுத்தால் என்ன? அடுத்த வலைக்கு வழிவிடும் கருவி நுழைவாயில், எண் கொண்டது வாசல். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் 'வாசல்வழி அனுப்பல்'. வெளி வாசல் 8080, உள் வாசல் 80.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே தள்ளியதற்காக 1998-இல் குரல் கொடுத்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த ஊர் இது. திரையில் தமிழ் இப்படித் தாறுமாறாக வரும்போது மட்டும் 'தமிழில் வருகிறதே, சந்தோஷம்' என்று விட்டுவிடுகிறோம். மொழிபெயர்ப்பவருக்கு ரூட்டர் தெரியாது, ரூட்டர் தெரிந்தவர் தமிழில் எழுதுவதில்லை.

அப்புறம், கம்பி செருகும் ஓட்டையையும் சிலர் 'யூஎஸ்பி துறைமுகம்' என்கிறார்கள். அதற்கு வாசலும் வேண்டாம், 'செருகுவாய்' என்றாலே புரியும்.