டிஸ்க் போலி இல்லை அண்ணே

என்னிடம் கணினி ரிப்பேருக்கு இதே புகாரோடு வருவதில் இந்த வாரம் இவர் மூன்றாவது ஆள். சிங்கப்பூர் தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன், காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் பழைய சிபியுவை வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். உள்ளே புத்தம்புது 3 டிபி ஹார்ட் டிஸ்க். திரையில் 746 ஜிபி. "போலியைத் தலையில கட்டிட்டான் தம்பி." வாங்கிய கடையில் சண்டையும் போட்டாயிற்றாம்.

போலி இல்லை. எத்தனை பேரிடம்தான் சொல்வது? டிஸ்க் என்பது 512 பைட் கட்டங்களின் வரிசை. டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய அட்டவணையான எம்பிஆர் முறையில் கட்டத்தின் எண்ணுக்கு 32 பிட்தான். 429 கோடிச் சொச்சத்தில் எண் தீர்ந்துவிடும், பெருக்கினால் 2.2 டிபி. அதற்கு மேல் போனால், 9999க்குப் பிறகு 0000 காட்டும் மீட்டர் மாதிரி, டிஸ்க்கை இயக்கும் சில பழைய டிரைவர் மென்பொருள்கள் திரும்ப முதலிலிருந்து எண்ணும். 3 டிபியில் 2.2 போனால் மிச்சம் 800 ஜிபி. ஆயிரத்துக்குப் பதில் 1024 என்று எண்ணும் விண்டோஸ் கணக்கில் அதுதான் 746. கடைக்காரர் ஒரு ஜிபிகூடத் திருடவில்லை!

அடுத்த பல்லவி, "ஃபார்மட் பண்ணா சரியாயிடும்." ஆகாது. டிரைவரைப் புதுப்பித்து எம்பிஆருக்குப் பதிலாக வந்த புது அட்டவணையான ஜிபிடியாக மாற்றினால் முழு இடமும் தெரியும், சரி. ஆனால் கணினியை எழுப்பிவிடும் மதர்போர்டு மென்பொருளாகப் பழைய பயாஸ் மட்டும் உள்ள கணினியில் விண்டோஸ் அதிலிருந்து பூட் ஆகாது, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வேண்டும். லினக்ஸ் ஆகும், 1 எம்பியில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியை ஒதுக்கினால்.

இதைவிடக் கிழட்டு மெஷின்களும் வருகின்றன. கட்டத்தின் எண்ணுக்கு 28 பிட் மட்டுமே உள்ள பயாஸ், 137 ஜிபிதான் எல்லை. அதில் பெரிய டிஸ்க் போட்டு லினக்ஸ் ஏற்றினால் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒருநாள் அப்டேட் வரும், லினக்ஸின் மையமான கெர்னலின் புது ஃபைல் அந்த எல்லைக்கு அப்பால் போய் உட்காரும், பயாஸுக்கு எட்டாமல் பூட் நின்றுவிடும். "நேத்துவரை ஓடுச்சே" என்பார்கள். ஓடியது, ஃபைல் முன்பக்கம் இருந்தவரை. பூட் பார்ட்டிஷனைச் சின்னதாக டிஸ்க்கின் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

அண்ணனுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 7 போட்டு, 3 டிபியை ஜிபிடியாக்கிக் கணக்குகளுக்கு மட்டும் விட்டேன். 32 பிட் எக்ஸ்பியை இன்னும் கட்டிக்கொண்டு அழுபவர்களுக்கு இதுவும் உதவாது, அது ஜிபிடியைப் படிக்காது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அளவு தப்பாகக் காட்டும் டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். எண் சுற்றி வந்தால் கடைசியில் எழுதுவது தொடக்கத்தில் போய் விழும். பார்ட்டிஷன் அட்டவணையே அழியும். அப்புறம், பெரிய டிஸ்க் வாங்கும் முன் மதர்போர்டின் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். தள்ளுவண்டி வேண்டாம்.