பிரேக் மிதித்தால் அணையும் விளக்கு

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் போனில் கேட்ட கேள்வி இது. அவர் வீட்டில் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. கான்வாஸ் டாப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பூ அலங்காரம் செய்து, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறார். செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் அதில் நின்றபடி மண்டபத்துக்குப் போன மாப்பிள்ளைகள் நிறையப் பேர்.

"சார், ராத்திரி லைட் போட்டா வலது பக்கப் பின் லைட் நல்லா எரியுது. பிரேக்கை மிதிச்சா அணைஞ்சு போகுது. காலை எடுத்தா மறுபடி எரியுது. பகல்ல மிதிச்சா மங்கலா எரியுது. பல்பு மாத்திப் பாத்துட்டேன், ஃபியூஸ் பாத்துட்டேன். ஒண்ணும் புரியல."

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஜீப்புக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாராம். அதிலிருந்துதான் இந்தக் கோளாறு. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அவருடைய அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் முன்பக்கம் தொங்குகின்றன. பின்பக்கம் விளக்கு அணைந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்குக் கேட்டவுடனேயே உற்சாகம் வந்துவிட்டது. வண்டி மின்சாரத்தில் நான் மிகவும் ரசிக்கிற கோளாறு இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வோல்டேஜும் மின்தடையும் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

பள்ளிப் பாடத்தை இரண்டு வரியில் ஓட்டிவிடுகிறேன். பேட்டரி 12 வோல்ட். அதன் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், சுவிட்ச், பல்பு என்று போய் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் போக ஒரு வயர், வர ஒரு வயர். வண்டியில் வருவதற்கு வயர் கிடையாது. பேட்டரியின் மைனஸை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பல்பு எங்கே இருந்தாலும் பக்கத்திலிருக்கும் இரும்பைத் தொட்டால் போதும், மின்சாரம் திரும்பி வந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் எர்த் என்கிறார்கள். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டி ரப்பர் டயரில்தானே நிற்கிறது.

இப்போது அந்தப் பின் விளக்கு பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைக் குப்பியில் 21/5 என்று பொறித்திருக்கும். கண்ணாடிக்குள் ஒன்றுக்கு இரண்டு இழைகள். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை ராத்திரி விளக்குக்கு. குப்பியின் அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். ஒவ்வொரு இழையின் ஒரு முனை ஒரு பொட்டில். மற்ற இரண்டு முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து பித்தளைக் குப்பியில் முடிகின்றன. குப்பி ஹோல்டரைத் தொடுகிறது, ஹோல்டர் ஜீப்பின் இரும்பைத் தொடுகிறது. இரண்டு இழைகளுக்கும் வெளியேற ஒரே வாசல் அது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வாசலைச் சுற்றித்தான்.

நம் பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வரலாம், வெளியேற ஒரே வடிகால். வடிகாலை யாரோ மண் போட்டு அடைத்துவிட்டார்கள். ஒரு வாய்க்காலில் மட்டும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? வயலுக்குள் வந்த தண்ணீர் காலியாகக் கிடக்கும் இன்னொரு வாய்க்கால் வழியாகப் பின்னோக்கி ஏறி, அதன் மறுமுனையில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே இறங்கிவிடும்.

ராத்திரி விளக்கைப் போட்டிருக்கிறார், வலது பக்க எர்த் அறுந்திருக்கிறது. 5 வாட் இழை வழியாக வந்த மின்சாரம் பித்தளைக் குப்பிக்கு வருகிறது. வாசல் அடைப்பு. பக்கத்தில் 21 வாட் இழை சும்மா இருக்கிறது. அதன் வழியாகப் பின்னோக்கிப் போய் பிரேக் வயரைப் பிடிக்கிறது. அந்த வயர் இடது பக்கப் பிரேக் பல்புக்கும் போகிறதல்லவா? அங்கே போய், அந்த 21 வாட் இழையையும் கடந்து, இடது பக்கத்து நல்ல எர்த்தில் இறங்கி பேட்டரிக்கு வீடு வந்து சேர்கிறது.

அப்படியானால் மூன்று இழைகள் தொடராக இருக்கின்றனவே, வலது விளக்கு எப்படி நன்றாக எரிகிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இழை டங்ஸ்டன் கம்பி. எரியும்போது அது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது. சூடேற ஏற அதன் மின்தடையும் ஏறும். குளிர்ந்திருக்கும்போது இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். 12 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எரிகிற 5 வாட் இழையின் தடை கிட்டத்தட்ட 29 ஓம் (தடையை அளக்கும் அலகு). எரிகிற 21 வாட் இழைக்கு 7 ஓம். ஆனால் எரியாமல் குளிர்ந்து கிடக்கும் 21 வாட் இழைக்கு? அரை ஓம், முக்கால் ஓம் என்ற அளவில்தான் இருக்கும். 29 ஓமுக்கு முன்னால் அது வெறும் வயர் மாதிரி. சுற்றில் ஓடுவது 0.4 ஆம்பியர். அந்தப் பருத்த இழையை ஒளிரும் அளவுக்குச் சூடேற்ற அது போதாது. அதனால் அது குளிர்ந்தே கிடக்கிறது, குளிர்ந்தே கிடப்பதால் வழியும் விட்டுக்கொண்டே இருக்கிறது. 12 வோல்ட்டில் பெரும்பகுதி 5 வாட் இழைக்கே கிடைத்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். எர்த்தே இல்லாமல் ஒரு விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கிறது!

இப்போது பிரேக்கை மிதியுங்கள். அதுவரை பள்ளமாக இருந்த பிரேக் வயரிலும் 12 வோல்ட் வந்துவிட்டது. ராத்திரி விளக்கு வயரிலும் 12 வோல்ட். இரண்டு வாய்க்காலிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது, வடிகாலோ அடைப்பு. ஓட்டத்துக்கு வழியே இல்லை. இரண்டு இழைகளும் அணைந்துவிடுகின்றன. காலை எடுத்தால் ஒரு பக்கம் மறுபடி பள்ளமாகிறது, விளக்கு எரிகிறது.

பகலில் மங்கலாக எரிவதற்கும் இதே கணக்குதான். பிரேக் வயரில் மட்டும் 12 வோல்ட். மின்சாரம் 21 வாட் இழை வழியாக வந்து 5 வாட் இழை வழியாக வெளியேறுகிறது. மற்ற ராத்திரி விளக்குகள் எல்லாம் அதற்குப் பள்ளம். எரிவது 5 வாட் இழை. பிரேக் விளக்கு மங்கலாக எரிகிறது என்று அவர் நினைத்தது, ராத்திரி விளக்கு பகலில் எரிந்ததை.

வோல்டேஜ், மின்சாரம், தடை மூன்றையும் இணைக்கும் விதியை ஓம் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி வெளியிட்டது 1827இல். சந்திப்புகளிலும் சுற்றுகளிலும் மின்சாரம் எப்படிப் பங்கிடப்படும் என்ற விதிகளை இன்னொரு ஜெர்மானியரான கிர்க்காஃப் எழுதியது 1845இல். அப்போது அவர் 21 வயது மாணவர். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த ஜீப்பின் பின்பக்கத்தை இப்போது முழுசாகப் படித்து முடித்தோம்.

சரி, எர்த் ஏன் அறுந்தது? விளக்குக் குடுவையைக் கழற்றிப் பார்த்தோம். பெயிண்டர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பழைய விளக்கை எடுத்துவிட்டு, அது உட்காரும் இடம் முழுவதும் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். அதன்மேல் விளக்கைத் திரும்ப முடுக்கியிருக்கிறார். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு போல்ட்டுகளின் மரை மட்டும் எங்கோ இரும்பை உரசிக்கொண்டு சில நாள் ஓட்டியிருக்கிறது. இரண்டு உலோகத் துண்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் அவை உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய சில மேட்டுப் புள்ளிகளில்தான். அந்தப் புள்ளிகளில் தண்ணீர் போய்த் துரு பிடித்தால் கதை முடிந்தது. இதுவோ டாப் இல்லாத வண்டி. தண்ணீர் தெளித்த மாலைகளும் பன்னீரும் பின்பக்கத்தில்தான் வந்து இறங்குகின்றன. ஒரு போல்ட்டைத் திருகி எடுத்தபோது மரையிலிருந்து காவி நிறத்தில் பொடி கொட்டியது.

டாப் மடங்கும் விலை உயர்ந்த கார்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மடித்த டாப்புக்குப் பின்னால் சேரும் மழைத் தண்ணீர் வடிய சிறு குழாய்கள் இருக்கும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். எர்த் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பின் விளக்குகள் எல்லாம் ஒரே எர்த்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கார் என்றால் பிரேக் போட்டதும் இண்டிகேட்டர் லேசாக மினுங்குவது போன்ற வேடிக்கைகளும் சேர்ந்துகொள்ளும்.

வாசகரின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்த அன்னைக்கு ஊரே வந்து பாத்துச்சு. அன்னையிலிருந்துதான்" என்றார். "நாளைச் சரியாத்தாம்மா புடிச்சிருக்கீங்க" என்று சொல்லி, பெயிண்ட் அடைத்திருந்த இடத்தைக் காட்டினேன். மனப்பூர்வமாகத்தான் அப்படிச் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது, அன்றைக்கு என்ன மாறியது என்று கவனிப்பதுதான் கோளாறு கண்டுபிடிப்பதில் பாதி வேலை. அந்தப் பாதியை அவர் செய்துவிட்டார். திருஷ்டி கழிப்பதில் எனக்குள்ள வருத்தம் ஒன்றே ஒன்று. கழித்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். இங்கே நிறுத்தியிருந்தால், நாலுவழிச் சாலையில் இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு இந்த ஜீப்பின் வலது பக்கம் பிரேக் போடுகிற நேரம் பார்த்து மறைந்து போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

வீட்டிலேயே இதைச் சோதிக்க ஒரு முழ வயர் போதும். விளக்கையும் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். வயரின் ஒரு முனையைப் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் மறுமுனையை பல்பின் பித்தளைக் குப்பியிலும் வையுங்கள். வயரை அடியிலிருக்கும் பொட்டுகளில் மட்டும் பட விடாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். விளக்கு பளீரென்று வந்தால் கோளாறு எர்த்தில்தான். மல்டிமீட்டர் இருந்தால் குப்பிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். நல்ல எர்த்தில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டும். நாங்கள் பார்த்தபோது, பிரேக்கை மிதித்ததும் 12 வோல்ட் காட்டியது. வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் வாய்க்கால் மட்டத்துக்கு ஏறி நிற்கிறது! ஆனால் காலை எடுத்ததும் மீட்டர் பூஜ்ஜியத்தை நெருங்கி இறங்கி, கிட்டத்தட்ட நல்ல எர்த் போலவே நடித்தது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். ஆகவே பிரேக்கை மிதித்தபடி அளக்க வேண்டும்.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆயிற்று. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, விளக்கு உட்காரும் இடத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம், வெள்ளை இரும்பு தெரியும் வரை. பித்தளை ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு இருந்தது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல அதைப் புளி வைத்தே தேய்க்கலாம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும். ஆனால் துளி மிச்சமிருந்தாலும் அதுவே பிறகு அரிக்கும் என்பதால் நான் உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் பதில் புதுசு. தலைக்கடியில் பல் வைத்த ஸ்டார் வாஷர். அதற்கு மேல், குடுவையிலிருந்து ஜீப்பின் அடிச்சட்டமான சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டோம். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

பல்பு மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 21/5 பல்பின் குப்பியில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் போடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. திருகி அழுத்திப் போட்டுவிட்டால் பிரேக் மங்கலாகவும் ராத்திரி விளக்கு பளீரென்றும் எரியும். இண்டிகேட்டருக்கு எல்இடி போடுவதானால் அது படபடவென்று வேகமாக அடிக்கலாம். குறைந்த கரண்ட் ஓடுவதைப் பார்த்து, பல்பு போய்விட்டது என்று, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பிளாஷர் எடுத்துக்கொள்கிறது. அதற்கேற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பழைய பின் விளக்குக் குடுவை, இரண்டு 21/5 பல்பு, ஒரு 12 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் வயர். இவ்வளவு இருந்தால் கிர்க்காஃப் விதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு குடுவையின் எர்த்தைக் கழற்றி, பிரேக் சுவிட்சை அழுத்தச் சொல்லி, ஏன் அணைந்தது என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். நம் கிராமத்துப் பள்ளிகளின் ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், இந்த மாதிரிப் பிரித்துப் பூட்டக்கூடிய பொருள்களுக்கு முதலில் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. சுவரில் மாட்டும் படங்கள் அப்புறம் வரட்டும்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. வாசகர் ஜீப்பைப் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். சுவரில் வலது பக்கம் சிவப்பு வெளிச்சம் எழுந்து எழுந்து அடங்கியது. இடது பக்கமும் ஒழுங்காகத்தான் எரிந்தது. ஆனால் அங்கேயும் அதே பெயிண்டர், அதே பெயிண்ட். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.