கோடரி விழுந்தது எந்தக் கட்டத்தில்?

1954 ஏப்ரல் 21. நியூயார்க்கில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு உட்கார்ந்திருந்தது. சிறுவர்கள் கெட்டுப்போவதற்குக் காமிக்ஸ் காரணமா என்று விசாரணை. செனட்டர் எஸ்டஸ் கீஃபாவர் ஒரு இதழின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒருவன் ஒரு கையில் ரத்தம் தோய்ந்த கோடரி வைத்திருக்கிறான், மறு கையில் முடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் அசரவில்லை. திகில் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரியும்படி வரைந்திருந்தால் அதுதான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார்.

அந்தப் பதில் அவர் தொழிலுக்கே உலை வைத்தது. ஆனால் ஒரு கைவினைஞரின் வாக்குமூலமாகப் படித்தால் அதில் பொய்யில்லை. கழுத்து படத்தின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. பார்க்கிறவர்தான் அதை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். 1950 முதல் 1954 வரை வந்த அமெரிக்கத் திகில் காமிக்ஸின் வேலைமுறை முழுக்க இந்தச் சூத்திரத்தில்தான் ஓடியது. எழுபது வருடம் தாண்டியும் அதை மறுபதிப்பு செய்கிறார்கள், தேடி வாங்குகிறார்கள். அது எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி. ஒரு கட்டத்தில் கோடரி ஓங்கியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் வீட்டின் வெளிப்புறம், இரவு, ஜன்னலில் விளக்கு, ஒரு அலறல். கோடரி விழுவதை யாரும் வரையவில்லை. ஆனால் படித்தவரைக் கேட்டால் விழுந்ததைப் பார்த்தேன் என்றே சொல்வார். துண்டு துண்டாக வரும் தகவலைத் தொடர்ச்சியாக்காமல் மூளையால் இருக்க முடியாது. வேலிக்குப் பின்னால் நிற்கும் மாட்டை நாம் துண்டுகளாகப் பார்ப்பதில்லை, முழு மாடாகத்தான் பார்க்கிறோம். அதே பழக்கம்தான் இங்கேயும். வெட்டு எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நம் கைச்சரக்கு. அவரவர் பயத்துக்கு அளவெடுத்துத் தைத்த கொலை என்றே சொல்லலாம்.

இரண்டாவது, கண். கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவே இரண்டு டிகிரி அளவுக்குத்தான், கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அகலம். மற்றதெல்லாம் மங்கல். ஆனால் மங்கலிலும் மூளை மோப்பம் பிடித்துவிடும். ஒரு படம் மொத்தத்தில் எதைப் பற்றியது என்று உணர நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால் மேல் வரிசையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே ஏதோ பச்சையாக, வாய் பிளந்து நிற்பது ஓரக்கண்ணில் தட்டிவிடுகிறது. என்னவென்று தெரியாது, ஆனால் நல்லதல்ல என்று தெரியும்.

கெய்ன்ஸின் ஈசி காமிக்ஸ் நிறுவனம் இதை எப்படிப் பயன்படுத்தியது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைன் வர்ணனையையும் வசனத்தையும் ஓவிய அட்டையிலேயே நேரடியாக எழுதிவிடுவார். கட்டம் பிரித்து, எழுத்தெல்லாம் பொறித்த பிறகுதான் ஓவியரிடம் அந்த அட்டை போகும். மிச்சமிருக்கும் இடத்தில் அவர் வரைய வேண்டும். ஓவியருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இன்று படிப்பவர்களும் எழுத்து அதிகம் என்று குறைபட்டுக்கொள்வார்கள். ஆனால் பயத்துக்கு அந்த எழுத்துதான் பிரேக். படம் ஒரே அடியில் கண்ணில் விழுந்துவிடுகிறது. என்ன நடந்தது என்று புரிய ஐந்து வரி படிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து வரி நேரம்தான் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் பக்கம் திருப்புவது. இதழின் உள்ளே முதல் பக்கம் வலப்புறம் வரும். முதல் கதை பெரும்பாலும் எட்டுப் பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டும் மூன்றும் எதிரெதிரே, நான்கும் ஐந்தும், ஆறும் ஏழும். எட்டாம் பக்கம் தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கணவனைக் கொன்று புதைத்தவள் வாசல் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து போகிறாள் என்று ஏழாம் பக்கம் முடிந்தால், கதவைத் திறப்பது அவளல்ல, தாளைப் பிடித்திருக்கும் நாம். சினிமாவில் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் ஓடும். இங்கே நாம் கையசைக்காவிட்டால் பிணம் வெளியிலேயே நிற்கும். அதனால்தான் இந்தப் பயம் தாங்கக்கூடியதாகவும் இருக்கிறது, நம்மையும் கூட்டாளி ஆக்குகிறது. போதாததற்கு, கல்லறைக் காவலன், சூனியக்கிழவி என்று கதைசொல்லிகள் முன்னும் பின்னும் வந்து கடி ஜோக் அடித்துவிட்டுப் போவார்கள். இது விளையாட்டுதான் என்று மூளைக்குக் கிடைக்கும் உத்தரவாதம் அது. நெஞ்சு படபடக்கலாம், எழுந்து ஓட வேண்டியதில்லை.

வண்ணத்துக்கு வருவோம். மஞ்சள், மெஜந்தா, சியான் என்று மூன்று மை, கோடுகளுக்குக் கறுப்பு. வண்ண மை ஒவ்வொன்றும் 25, 50 அல்லது 100 சதவீதம், இல்லையென்றால் பூஜ்யம். நான்கு நான்கு நான்கைப் பெருக்கினால் 64. மொத்தமே அவ்வளவுதான். ஈசியில் மேரி செவரின் வண்ணம் குறித்துக் கொடுப்பார், அதைப் பார்த்து அச்சுத்தகடு செய்யுமிடத்தில் ஒவ்வொரு மைக்கும் கையாலேயே தனித்தனியாகப் பிரிப்பார்கள். மலிவான தாளில் வேக அச்சு. மை ஊறிப் பரவும். தகடு ஒரு மயிரிழை விலகினால் உதட்டின் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். இந்தக் கோளாறு காதல் கதையைக் கெடுக்கும், அழுகிய உடலுக்கோ இதைவிடப் பொருத்தமான அச்சு கிடையாது. கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த, சளி வடிவதுபோல ஒழுகும் கோடுகளின் மேல் அந்தக் கலங்கிய பச்சை விழும்போது பாருங்கள், தாளே நாறுவதுபோல இருக்கும்.

தாளுக்கு உண்மையிலேயே வாசனை உண்டு. 10 சென்ட் இதழுக்கு நியூஸ்பிரிண்ட்தான் கட்டுப்படியாகும். மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் அதில் லிக்னின் தங்கிவிடுகிறது. மர நார்களை ஒட்டிவைக்கும் பசை அது. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் லிக்னின் சிதைந்து மஞ்சளாகும். தாளிலுள்ள அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டும், வெட்ட வெட்ட இன்னும் அமிலம் ஊறும். தாள் தன்னைத் தானே தின்கிறது. அப்போது வெளியேறும் ஆவிகளில் வேனிலினும் ஒன்று, ஐஸ்கிரீமில் போடுகிற அதே சரக்கு. பழைய திகில் இதழ் லேசாக இனிப்பாக மணப்பதற்குக் காரணம் இதுதான். பிணக்கதைக்கு வெனிலா வாசனை!

சரி, இதற்கு முற்றுப்புள்ளி எப்படி வந்தது? விசாரணை நடந்த அதே 1954 அக்டோபரில் பதிப்பாளர்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு சட்டதிட்டம் போட்டுக்கொண்டார்கள். நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. இதழின் பெயரில் திகில் என்ற சொல்கூட வரக்கூடாது. அலை நம் நாட்டுக்கும் வந்தது. இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்க இந்தியா 1956-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அருவருப்பான, பயங்கரமான சம்பவங்களைச் சொல்லும் படக்கதைகளும் அதில் அடக்கம். இருபது வயதுக்குக் கீழே இருந்தால் இளையோர்.

இப்போது வரும் சில மறுபதிப்புகள் பளபளக்கும் வெள்ளைத் தாளில், கணினி வண்ணத்தில் இருக்கின்றன. குழியிலிருந்து எழுந்து வருபவன் கிளிப்பச்சையில் ஜொலிக்கிறான், எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் திரையில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிப்பது வேறு கதை. ஓரக்கண்ணுக்கு எதுவும் கிடைக்காது. பதிலுக்கு ஒவ்வொரு தள்ளலும் ஒரு பக்கத் திருப்பலாகிவிடுகிறது. காலேஜில் படிக்கும் அக்கா மகளிடம் ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாசல் தட்டும் கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

“மாமா, வெளிய யாரு?”

“தள்ளிப் பாரேன்.”

“இருங்க மாமா” என்றாள், விரலை எடுக்காமல்.