பழ வாசனை ஊலாங்: இரண்டாவது கோப்பையைக் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட பதத்தில் தயாராகும் தேயிலைதான் ஊலாங். வாசனை ஊலாங் பொட்டலத்தைப் பிரித்ததும் பீச் பழ வாசனை குப்பென்று அடித்தால் நல்ல சரக்கு என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சுவை பார்க்கும் மேசையில் அந்த முதல் வாசனைக்கு மதிப்புக் குறைவு. சேர்க்கப்பட்ட எசென்ஸ் பெரும்பாலும் இலையின் மேல்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் தேயிலை எப்படிப்பட்டது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பழைய இலை, நொறுங்கிய இலை, மணம் போன இலை எல்லாவற்றையும் கனமான வாசனை போட்டு மறைத்துவிடலாம் என்பதால்தான் இந்த வகையில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பழ மணம் உள்ள ஊலாங் எல்லாமே வாசனை சேர்த்தது என்றும் நினைக்க வேண்டாம். தைவானின் ‘ஓரியண்டல் பியூட்டி’ இலையில் எதுவும் சேர்ப்பதில்லை. சின்னப் பச்சைத் தத்துப்பூச்சி இளந்தளிரைக் கடித்துச் சாறு உறிஞ்சும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களை உண்டாக்குகிறது. பதப்படுத்திய பிறகு அதுவே தேனும் பழுத்த திராட்சையும் கலந்த மணமாக வருகிறது. பூச்சி கடிக்க வேண்டும் என்பதால் அந்தத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்க முடியாது. சீனாவில் குவாங்டாங் மாகாணத்து ஃபெங்ஹுவாங் மலையில் விளையும் டான்சோங் என்ற ஊலாங் வகைகளிலும் எதுவும் சேர்ப்பதில்லை. ‘மி லான் சியாங்’ என்ற டான்சோங்கில் லிச்சியை நினைவூட்டும் இனிப்பு மணம் இலையிலிருந்தே கிடைக்கும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது இன்னொரு வகை. பதப்படுத்தி உலர்த்திய இலை ஈரப்பதம் மிகக் குறைந்திருப்பதால் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதைச் சுழலும் டிரம்மில் போட்டு எசென்ஸைத் தெளித்துப் புரட்டுவார்கள். கூடவே உலர்ந்த பழத்துண்டு, பூவிதழ் சேர்ப்பதுண்டு. இதில் தவறு ஒன்றும் இல்லை. நல்ல இலையில் அளவாகச் சேர்த்தால் அருமையான பானம். ஆனால் பழத்துண்டுகள் பெரும்பாலும் கண்ணுக்கு அழகுக்காகத்தான் இருக்கின்றன. வாசனைக்கு அவற்றின் பங்கு சொற்பம், வைட்டமினுக்கு அதைவிடச் சொற்பம்.

ஆகவே முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதில் தொடங்கி எழுதப்பட்டிருக்கும். தேயிலைக்கு முன்னால் ஆப்பிள் துண்டு இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஆப்பிள். சர்க்கரைப்பாகில் ஊறிய அன்னாசி, பப்பாளித் துண்டுகள் இருந்தால் கோப்பையில் சர்க்கரையும் கரையும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செம்பருத்தி வகை இதழ்களோ சிட்ரிக் அமிலமோ இருந்தால் பானம் புளிக்கும், பால் ஊற்றினால் திரிந்துவிடும். சில ‘பழத் தேநீர்’களில் தேயிலையே இருக்காது. உடல் இளைக்கும் என்று எழுதியிருந்தால் அந்த வரிக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

இனி தயாரிப்பு. 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை. ஸ்பூன் கணக்கு இங்கே ஏமாற்றும். இறுகச் சுருட்டிய உருண்டை இலை ஒரு டீஸ்பூனிலேயே 3 கிராம் வந்துவிடும்; நீளவாட்டில் முறுக்கிய இலைக்கு அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். சின்ன எடை மெஷின் ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீரின் சூடு, பச்சை வாடையுள்ள இளம் ஊலாங்குக்கு 85 முதல் 90 டிகிரி, நன்றாக வறுத்த ஊலாங்குக்கு 95 வரை. தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றினால் இரண்டு சேதம்: எளிதில் ஆவியாகும் பழ மணம் நீராவியோடு போய்விடும்; துவர்ப்பும் கசப்பும் வேகமாக இறங்கும். பிறகு “எசென்ஸ் கசக்கிறது” என்று புகார் வரும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த நீரை வேறொரு பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூடு சில டிகிரி இறங்கிவிடும். இலை ஊறும்போது மூடி அவசியம். 3 நிமிடத்தில் முழுவதையும் வடித்துவிடுங்கள். இலை நீரிலேயே கிடந்தால் அடுத்த கோப்பை கெட்டுவிடும்.

உருண்டை ஊலாங்கை முதலில் வெந்நீரில் அலசி ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. வாசனை சேர்த்த இலைக்கு அது வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பழ மணத்தில் பெரும்பகுதி அந்த அலசலோடு சிங்க்கில் போய்விடும். நிறைய இலை போட்டுச் சில நொடிகளில் வடிக்கும் சீன முறையில் வழக்கமாக 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேலேயே போடுவார்கள்; இங்கே 4 கிராம் போதும். அதற்கு மேல் போனால் எசென்ஸ் தொண்டையில் உறைக்கும்.

சுவை பார்ப்பதற்கு வேறு அளவு. தேநீரைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தர முறையில் 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். குடிக்க இதமாக இருக்காது. குறைகளை வெளியே இழுப்பதற்கான முறை அது. வடித்த பானத்தை ஒரு ஸ்பூனில் எடுத்து, காற்றோடு சேர்த்து சர்ரென்று உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரப்பி, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். மணம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். நல்ல கலவையில் பழம் முதலில் வந்து, பின்னால் தேயிலையின் பூமணமோ வறுத்த மணமோ தொடரும், தொண்டையில் லேசான இனிப்பு நிற்கும். மட்டமான கலவையில் பழம் வந்த வேகத்தில் அறுந்துபோய், சோப்பு நுரையோ இருமல் சிரப்போ போன்ற ஒரு சுவை நாக்கில் தங்கும். ஆறவிட்டு மறுபடி குடித்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

பிறகு அதே இலையில் இரண்டாவது முறை 3 நிமிடம், மூன்றாவது முறை 5 நிமிடம். முதல் நீரிலேயே எசென்ஸின் பெரும்பகுதி இறங்கிவிட்டதால் இரண்டாவது கோப்பையில் இலை தனியாக நிற்கும். அது வெறும் மங்கிய வெந்நீராக இருந்தால் அந்தப் பொட்டலத்தை மறுபடி வாங்க வேண்டாம். ஊறிய இலையையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். வறுவல் குறைந்த நல்ல ஊலாங்கில் உருண்டை அவிழ்ந்து முழு இலையாக விரிந்திருக்கும், நடுவில் பச்சை, ஓரத்தில் செம்பழுப்பு. எல்லாமே தூளும் கிழிசலும் காம்புமாக இருந்தால் வாசனை எதை மறைத்தது என்பது தெரிந்துவிடும்.

பழ வாசனை ஊலாங்குக்கு எங்கள் முதல் பரிந்துரை குளிர்நீர் முறைதான். ஒரு லிட்டர் குடிநீருக்கு 8 முதல் 10 கிராம், ஃபிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம். துவர்ப்பு குறைவாகவே இறங்கும், மணம் ஆவியாகாது. இலையை வடித்தெடுத்து ஒரு நாளுக்குள் குடித்துவிடுங்கள். பழத்துண்டு சேர்ந்த நீரை வெளியே வைத்தால் கெட்டுப்போகும்.

சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீரில் மேலே ஏடு படியும், பழ மணம் மழுங்கும். வடிகட்டிய நீர் நல்லது. காஃபின் இதிலும் உண்டு என்பதால் இரவு நேரத்தில் யோசித்துக் குடியுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, தேயிலை இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

பிரித்த பொட்டலத்தை ஒளி புகாத, காற்று புகாத தனி டப்பாவில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மெருகிடாத களிமண் கெட்டிலில் இதைப் போடவே கூடாது. அந்தக் களிமண் பழ வாசனையைக் குடித்துவைத்துக்கொண்டு அடுத்து வரும் சாதாரண ஊலாங்கிலும் பீச் மணத்தைக் கலக்கும். கண்ணாடியோ பீங்கானோ போதும். பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தில் வாசனை தங்கிவிட்டால் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுக் கழுவுங்கள்.